வண்டி யாருக்குச் சொந்தம்?

பல்லக்கிலிருந்து மின்சார ஆட்டோ வரை: சென்னையைச் சுமந்தவர்களின் கதை

1971-ல் தமிழ் சினிமாவின் இரண்டு பெரிய நாயகர்களும் ரிக்‌ஷாக்காரர்களாக நடித்தார்கள். மே மாதக் கடைசியில் வந்த ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்தில் எம்.ஜி.ஆர். சைக்கிள் ரிக்‌ஷா மிதித்தார். அந்த வருடத் தீபாவளிக்கு வந்த ‘பாபு’வில் சிவாஜி கணேசன் கை ரிக்‌ஷா இழுத்தார். முதல் படம் எம்.ஜி.ஆருக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதை வாங்கிக்கொடுத்தது. இரண்டாவது படத்தின் கதை, கேசவதேவின் ‘ஓடையில் நின்னு’ என்ற மலையாள நாவலிலிருந்து வந்தது. இருவரும் ஒரே ஆண்டில் ஒரே தொழிலைக் கையில் எடுத்தது தற்செயலாக இருக்கலாம். அந்தத் தொழில் அப்போது அரசியலின் நடுவில் இருந்தது மட்டும் தற்செயல் இல்லை. சென்னைத் தெருக்களில் இரண்டு வண்டிகளும் அருகருகே ஓடிக்கொண்டிருந்தன. ஒருவர் நுகத்தடிக்குள் நின்று இழுப்பார், பக்கத்தில் இன்னொருவர் சீட்டில் உட்கார்ந்து மிதித்துப் போவார்.

அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, மழையில் நனைந்தபடி வண்டி இழுத்தவர்களுக்கு எம்.ஜி.ஆர். மழைக்கோட்டு வாங்கிக் கொடுத்திருந்தார். படத்துக்கு இரண்டு வருடம் கழித்து, 1973-ல், முதலமைச்சர் மு.கருணாநிதியின் அரசு கை ரிக்‌ஷாவையே ஒழித்தது. இழுத்தவர்களுக்கு இலவசமாகச் சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தது. மழைக்கோட்டு ஒரு மனிதரின் ஈரம், 1973-ன் ஆணை ஓர் அரசின் கடமை. இரண்டையும் இந்தத் தொழிலாளர்கள் மறக்கவில்லை. சென்னையின் குடிசைப் பகுதிகளில் இருவரின் கட்சிகளுக்கும் இருந்த வேர்களில் ஒன்று இந்த ரிக்‌ஷா ஸ்டாண்டுகளில் இறங்கியிருந்தது.

1973-ன் முடிவில் இருந்த முக்கியமான அம்சத்தைப் பலரும் கவனிப்பதில்லை. மனிதரை மனிதர் இழுப்பது அவமானம் என்று சொல்லி வண்டியைத் தடை செய்துவிட்டு அரசு கையைக் கழுவியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அவமானம் போயிருக்கும், அடுப்பும் அணைந்திருக்கும். பழைய வண்டியை வாங்கிக்கொண்ட கை, புது வண்டியையும் நீட்டியது. சென்னையின் போக்குவரத்து வரலாற்றில் வண்டி மாறியபோது வண்டிக்காரரையும் சேர்த்து யோசித்த தருணங்கள் மிகக் குறைவு. அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றைப் பார்த்தால்தான் அந்த முடிவின் அருமை தெரியும்.

தோளில் தொடங்கிய நகரம்

கம்பெனி காலத்துச் சென்னையில் வசதியுள்ளவர்கள் பல்லக்கில் போனார்கள். கோட்டையின் வெள்ளைக்கார வியாபாரியும் அவருக்கு மொழிபெயர்த்துப் பணம் சேர்த்த துபாஷியும் போயிகளின் தோளில்தான் ஊர் சுற்றினார்கள். சாலைகள் செப்பமானதும் குதிரை வண்டிகள் வந்தன. அதன் எளிய வடிவமான ஜட்கா, நடுத்தரக் குடும்பங்களின் வண்டியாக நீண்ட காலம் நீடித்தது. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. 1873-ல் சென்ட்ரல், 1908-ல் எழும்பூர். நிலையங்கள் பெருகப் பெருக, நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழி ஒரு கேள்வியாக எழுந்தது. இன்றைக்கு ‘கடைசி மைல்’ என்று திட்ட அறிக்கைகளில் எழுதுகிறார்களே, அந்தச் சிக்கலுக்கு வயது நூற்றைம்பதைத் தாண்டிவிட்டது.

1895 மே 7-ம் தேதி சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் மின்சார டிராம் ஓடிய முதல் நகரம் இதுதான். கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் அது பின்னால்தான் போனது. துறைமுகம், பாரிமுனை, மவுன்ட் ரோடு, ராயப்பேட்டை, லஸ் என்று ஊரின் முக்கியமான இடங்களை டிராம் இணைத்தது. 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் வந்தது. மாம்பலம், சைதாப்பேட்டை, குரோம்பேட்டை ஆகிய பகுதிகள் நகரத்தோடு ஒட்டியது அந்தத் தண்டவாளத்தால்தான்.

டிராமும் ரயிலும் இருந்த ஊரில் மனிதர் இழுக்கும் வண்டிக்கு எப்படி இடம் கிடைத்தது?

ரிக்‌ஷா ஜப்பானில் 1870-ஐ ஒட்டிப் பிறந்தது. பத்து வருடத்துக்குள் சிம்லாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்துவிட்டது. கல்கத்தா, கொழும்பு, ரங்கூன், சென்னை என ஆசியாவின் துறைமுக நகரங்கள் ஒவ்வொன்றாக அதை ஏற்றுக்கொண்டன. டிராம் அதன் தண்டவாளத்தில் மட்டும்தான் போகும். ஜார்ஜ் டவுனின் தெருக்களோ, இரண்டு மாட்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் அடைத்துக்கொள்ளும் அகலம். கொத்தவால்சாவடியில் வாங்கிய காய்கறி மூட்டையோடு சௌகார்பேட்டைச் சந்துக்குள் போக வேண்டும் என்றால் டிராம் உதவாது. குதிரைக்குக் கொள்ளும் புல்லும் வாங்கிப்போட வேண்டும். மனிதருக்கு அந்தச் செலவுகூட முதலாளியுடையது இல்லை. வேலை தேடிக் கிராமத்திலிருந்து வந்து சென்ட்ரலில் இறங்கியவர், கையில் காசில்லாமல் அன்றைக்கே தொடங்கக்கூடிய வேலைகளில் ஒன்று ரிக்‌ஷா இழுப்பது. வறட்சி வந்தால் ரிக்‌ஷாவுக்கு ஆள் கூடும். நவீன ஊர்தி ஓடிய நகரத்தில் மிகப் பழைய உழைப்பு பெருகியதற்குக் காரணம், அந்த உழைப்பு அவ்வளவு மலிவாகக் கிடைத்தது என்பதுதான்.

1953 ஏப்ரல் 12-ம் தேதியோடு டிராம் நின்றுபோனது. நடத்திய கம்பெனி நஷ்டத்தில் மூழ்கியது. ராஜாஜி முதலமைச்சராக இருந்த நேரம் அது. டிராம் தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். 1901-ல் சுமார் 5 லட்சமாக இருந்த சென்னையின் மக்கள்தொகை 1951-ல் 14 லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஊர் மூன்று மடங்கு பெருத்த நேரத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தோம். 1947-லேயே சிறிய எண்ணிக்கையில் அரசுப் பேருந்துகள் ஓடத் தொடங்கியிருந்தன. 1972-ல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. இவற்றுக்கு நடுவில் விழுந்த இடைவெளியையெல்லாம் நிரப்பியது ரிக்‌ஷா.

நுகத்தடிக்குள் ஒரு நாள்

கை ரிக்‌ஷாவைப் பார்த்திராத தலைமுறைக்கு அந்த வேலையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இரண்டு பெரிய சக்கரம், நடுவில் சாய்ந்த இருக்கை, மடக்கும் கூண்டு, முன்னால் நீளும் இரண்டு கட்டைகள், அவற்றை இணைக்கும் குறுக்குக் கட்டை. இழுப்பவர் அந்தச் சட்டத்துக்குள் நிற்க வேண்டும். ஆள் ஏறி உட்கார்ந்ததும் எடை பின்னால் சாயும். கட்டையைக் கீழே அழுத்திப் பிடிக்காவிட்டால் வண்டி பின்பக்கம் கவிழ்ந்துவிடும். ஓடத் தொடங்கிய பிறகு, எடை சக்கரத்துக்கு நேர் மேலே நிற்கும்படி கட்டையை ஏற்றி இறக்கிச் சமன் செய்துகொண்டே போக வேண்டும். கை தெரிந்தவருக்குச் சமதளத்தில் வண்டி இலகுவாக உருளும். புதியவருக்கு முதல் வாரத்திலேயே தோள்பட்டை கழன்றுவிடும்.

மேட்டில் ஏற்றுவது கஷ்டம் என்று பார்ப்பவர்களுக்குத் தெரியும். இறக்கத்தில் இறங்குவது அதைவிடக் கஷ்டம் என்பது இழுத்தவருக்குத்தான் தெரியும். வண்டியில் பிரேக் கிடையாது. யானைகவுனிப் பாலத்தின் மறுபக்கம் இறங்கும்போது இருவர் எடையும் வண்டியின் எடையும் சேர்ந்து முதுகைத் தள்ளும். உடம்பைப் பின்னால் சாய்த்து, வெறுங்காலைத் தாரில் தேய்த்து நிறுத்த வேண்டும். சித்திரை வெயிலில் அந்தத் தார் எப்படி இருக்கும் என்பதைச் சென்னைவாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. மழை நாளில்தான் சவாரி அதிகம். முழங்கால் தண்ணீரில் பள்ளம் எங்கே, மூடியில்லாத சாக்கடை எங்கே என்று கால் தடவித்தான் போக வேண்டும். உட்கார்ந்திருப்பவர் நனையாமலிருக்கக் கூண்டு உண்டு, இழுப்பவருக்குத் தலையில் ஒரு துண்டு.

இவ்வளவும் செய்து சம்பாதித்த காசில் முதல் பங்கு வண்டி முதலாளிக்குப் போகும். பெரும்பாலான வண்டிகள் இழுத்தவர்களுக்குச் சொந்தமில்லை. பல வண்டிகளை வைத்திருந்தவர்கள் அவற்றை நாள் வாடகைக்கு விட்டார்கள். சவாரி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வாடகை உண்டு. காய்ச்சலில் படுத்தால் வருமானம் நிற்கும், மறுநாள் வண்டி வேறொருவர் கைக்குப் போகும். வீடில்லாத பலர் இரவில் வண்டியிலேயே சுருண்டு படுத்தார்கள். இழுப்பதில் இருந்த அவமானத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். வாடகையில் இருந்த சுரண்டலைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. என் பார்வையில் இரண்டாவதுதான் ஆழமான காயம். ஏனென்றால் முதலாவது 1973-ல் முடிந்தது. இரண்டாவது இன்னும் முடியவில்லை.

மிதிவண்டிக் காலம்

சைக்கிள் ரிக்‌ஷா வந்ததும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது பெரிய மாற்றம். ஆனாலும் உழைப்பு குறைந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. கியர் கிடையாது. பின்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருக்க, நின்ற இடத்திலிருந்து வண்டியைக் கிளப்ப முழு உடம்பையும் பெடலில் ஏற்ற வேண்டும். பாலம் வந்தால் இறங்கி, ஒரு கை ஹேண்டில்பாரிலும் மறு கை சீட்டிலுமாகத் தள்ளிக்கொண்டு ஏற வேண்டும். பழைய வண்டியின் இழுப்பு பாலத்தில் மட்டும் திரும்பி வந்தது.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சென்னையில் வளர்ந்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா என்றால் முதலில் பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வரும். இருக்கைக்கு எதிரே ஒரு பலகை போட்டு, அதில் நாலு பேர், இதில் நாலு பேர், பக்கவாட்டில் தொங்கும் பைகள், சாப்பாட்டுக் கூடைகள். மாதக் கூலி. பிள்ளைகளுக்கு அவர் ‘ரிக்‌ஷா தாத்தா’ அல்லது ‘ரிக்‌ஷா மாமா’. எந்தப் பிள்ளை எந்த வாசலில் இறங்கும், எந்த வீட்டில் அம்மா வேலைக்குப் போயிருப்பார், சாவி எந்தப் பக்கத்து வீட்டில் இருக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பிள்ளைகளை அப்படி நம்பி ஒப்படைத்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அந்த நம்பிக்கைக்கு நகரம் எந்தப் பதிவேட்டிலும் மதிப்புப் போட்டதில்லை.

காலம் போகப் போகச் சைக்கிள் ரிக்‌ஷாவிலும் நாள் வாடகை நுழைந்துகொண்டது. இது சென்னையில் மட்டும் நடந்ததில்லை. பஞ்சாப் அரசு 1975-ல் ஒரு சட்டம் போட்டது. ரிக்‌ஷாவை ஓட்டுபவருக்கே உரிமம் என்றது. நோக்கம் நல்லது, விளைவு விபரீதம். வாடகை வண்டி ஓட்டியவர்களுக்குச் சொந்த வண்டி வாங்கப் பணமில்லை, ஆகவே இருந்த வேலையும் போகும் நிலை. அமிர்தசரஸின் ஆசாத் ரிக்‌ஷா தொழிலாளர் சங்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1980-ல் அந்த வழக்கை விசாரித்தவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் 1952-ல் உறுப்பினராக இருந்தவர் அவர். சட்டம் செல்லுமா செல்லாதா என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போகவில்லை. தொழிலாளர்களுக்கு வங்கிக் கடன் கிடைக்கவும், அவர்கள் வண்டிக்கு உரிமையாளர்களாகவும் வழி செய்யும் ஒரு திட்டத்தையே தீர்ப்புக்குள் எழுதி வைத்தார். ஏழு வருடம் முன்பு சென்னையில் ஓர் அரசு செய்ததை, உச்ச நீதிமன்றம் வேறு வழியில் செய்தது.

சென்னையில் சைக்கிள் ரிக்‌ஷாவை யாரும் விழா எடுத்து ஒழிக்கவில்லை. அது தானாக ஒதுங்கியது. போக்குவரத்தின் வேகம் கூடக் கூட, மெதுவாகப் போகும் வண்டி இடைஞ்சலாகப் பார்க்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளை வேனும் ஆட்டோவும் எடுத்துக்கொண்டன. சில ரிக்‌ஷாக்கள் சரக்கு வண்டிகளாக மாறின. காசிமேட்டு மீன் வியாபாரத்துக்காக மூன்று சக்கர வண்டியில் பழைய ஸ்கூட்டர் இன்ஜினைப் பொருத்தி உருவாக்கிய மீன்பாடி வண்டி, இந்த நகரத்தின் சொந்தக் கண்டுபிடிப்பு. எந்தக் கம்பெனியும் வடிவமைக்கவில்லை. வட சென்னையின் பட்டறைகளில் பிறந்தது. மிதித்து மிதித்து முழங்கால் போனவர்கள், பொறியியல் படிக்காமலே தங்கள் சிக்கலுக்குக் கண்ட விடை அது.

மீட்டருக்கு மேலே

ஆட்டோவின் கதைக்கு வருவோம். பஜாஜ் நிறுவனம் 1959-ல் அரசின் அனுமதி பெற்று ஸ்கூட்டரும் மூன்று சக்கர வண்டியும் தயாரிக்கத் தொடங்கியது. பிறகு வந்த பத்தாண்டுகளில் இந்திய நகரங்களையெல்லாம் ஆட்டோ நிறைத்தது. சென்னையில் அது தொழிலாக மட்டும் இருக்கவில்லை. தெருமுனையில் தலைவரின் படத்தோடு ஒரு ஸ்டாண்டு, ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக வண்டிகள், முதுகில் ‘பிரசவத்திற்கு இலவசம்’ என்று எழுத்து. அந்த எழுத்து வெறும் அலங்காரம் இல்லை. நடுச்சாமத்தில் வலி எடுத்தவர்களை ஆம்புலன்ஸ் சேவை பரவலாவதற்கு முன்னால் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் அவர்கள். 1995-ல் ‘பாட்ஷா’ வந்தபோது ரஜினிகாந்த் காக்கிச்சட்டையோடு ஆட்டோவிலிருந்து இறங்கினார். தமிழின் பெரிய நாயகன் ரிக்‌ஷாவிலிருந்து ஆட்டோவுக்கு மாற இருபத்து நான்கு வருடம் ஆனது.

ஆட்டோக்காரருக்கும் பயணிக்கும் நடுவில் நடக்கும் பேரத்தைப் பற்றிச் சென்னையில் கோபப்படாதவர்கள் இல்லை. அந்தக் கோபம் நியாயமானது. மழை பெய்த இரவில், நோயாளியோடு நிற்கும் குடும்பத்திடம் மூன்று மடங்கு கேட்பதை எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் கோபத்தோடு கணக்கையும் பார்க்க வேண்டும்.

2007-ல் அரசு நிர்ணயித்த கட்டணம், முதல் 2 கிலோமீட்டருக்கு 14 ரூபாய், அதன் பிறகு கிலோமீட்டருக்கு 6 ரூபாய். 5 கிலோமீட்டர் சவாரிக்கு 32 ரூபாய். அடுத்த ஆறு வருடம் அதே கட்டணம். பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே இருந்தது. அந்த ஆறு வருடத்தில்தான் மீட்டர் வெறும் பெட்டியானது. 2013 ஆகஸ்டில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய், இரவு 11 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு என்று மாற்றினார்கள். அதே 5 கிலோமீட்டருக்கு 63 ரூபாய் 40 காசு. கொஞ்ச காலம் நகரம் ஆச்சரியப்பட்டது. மீட்டர் போட்டார்கள், கேட்காமலே போட்டார்கள். கட்டணம் நியாயமாக இருந்தால் சண்டை குறையும் என்பதற்கு அந்த மாதங்களே சாட்சி. பிறகு பத்தாண்டுகளுக்கு மேல் அந்தக் கட்டணத்தை அரசு தொடவில்லை. எரிபொருள், காப்பீடு, எஃப்.சி. செலவு, உதிரிபாகம் எல்லாம் ஏறின. மீட்டர் மறுபடியும் பெட்டியானது. இலவசமாகத் தருவதாக அறிவித்த ஜி.பி.எஸ். மீட்டரும் பெரும்பாலான வண்டிகளுக்கு வந்து சேரவில்லை.

வண்டிக்காரரின் இன்னொரு கணக்கு பயணியின் கண்ணுக்குத் தெரியாது. சொந்த வண்டி இல்லாதவர் காலையில் சாவியை வாங்கும்போதே அன்றைய வாடகைக்குக் கடனாளி. சொந்தமாக வாங்கியவரோ தனியார் ஃபைனான்ஸுக்குக் கடனாளி. வங்கி அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பும். முகவரிச் சான்று கேட்கும், ஜாமீன் கேட்கும். ஃபைனான்ஸ்காரர் எதையும் கேட்காமல் கொடுத்து ஆர்.சி. புக்கை வைத்துக்கொள்வார், வட்டியை மட்டும் கறாராகக் கேட்பார். இரண்டு மூன்று டியூ தவறினால் வண்டி போய்விடும். ‘மீட்டருக்கு மேல போட்டுக் குடுங்க’ என்று கேட்கிற குரலுக்குப் பின்னால் இந்த இரண்டு கணக்குகளும் இருக்கின்றன. பயணியும் ஓட்டுநரும் முட்டிக்கொள்ளும் தெருவில், கட்டணத்தைத் திருத்தாத கோட்டையும் கடன் தராத வங்கியும் கண்ணில் படுவதேயில்லை.

பிறகு செயலிகள் வந்தன. பேரம் கைபேசிக்குள் போனது. பயணிக்கு நிம்மதி, அதை மறுக்க முடியாது. ஓட்டுநருக்கோ நாள் வாடகை, டியூ இரண்டோடு மூன்றாவதாகக் கமிஷன் சேர்ந்தது. அண்மைக் காலத்தில் கமிஷனுக்குப் பதில் நாளுக்கு இவ்வளவு என்று சந்தாவாக வாங்கும் முறை பரவி வருகிறது. பல ஓட்டுநர்கள் இதையே விரும்புகிறார்கள். சம்பாத்தியம் கையில் நிற்கிறது என்பதுதான் காரணம்.

ஊர் நகர்ந்தது, வழி நகரவில்லை

1996-ல் கொத்தவால்சாவடி மொத்த விற்பனைச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது. 2002-ல் வெளியூர்ப் பேருந்து நிலையமும் பாரிமுனையை விட்டு அங்கேயே போனது. கோயம்பேட்டுக்கு மெட்ரோ ரயில் வந்தது 2015 ஜூனில். நடுவில் பதின்மூன்று வருடம், மூட்டை முடிச்சோடு அதிகாலையில் வந்து இறங்கியவர்களை ஊருக்குள் கொண்டு சேர்த்ததில் ஆட்டோவுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் பெரிய பங்கு உண்டு. 2023 டிசம்பரில் பேருந்து நிலையம் மறுபடியும் நகர்ந்து கிளாம்பாக்கம் போனது. அங்கேயும் பேருந்து நிலையம் முதலில் திறந்தது, ரயில் நிலையம் பிறகு என்றானது. ஒரே பாடத்தை இருபது வருட இடைவெளியில் இரண்டு முறை படிக்கத் தவறியிருக்கிறோம்.

பறக்கும் ரயில் இன்னும் நீளமான கதை. 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம், 1997-ல் மயிலாப்பூர், 2007-ல் வேளச்சேரி. அங்கிருந்து பரங்கிமலை வரையிலான கடைசிச் சில கிலோமீட்டருக்கு அதன் பிறகு ஒரு தலைமுறையே காத்திருந்தது. பெரிய பெரிய நிலையக் கட்டடங்கள், உள்ளே இருட்டு, வெளியே இணைப்புப் பேருந்து இல்லை. நகரத்தின் நடுவே ஓடியும் மக்கள் முழுமையாகப் பயன்படுத்தாத ரயிலாக அது இருந்ததற்கு, நிலைய வாசலுக்கு வெளியே யாரும் யோசிக்காததே முதன்மைக் காரணம்.

இதைவிடக் கொடுமையானது ஒன்று உண்டு. கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் இருந்த குடிசைகளைக் காலி செய்து, அங்கிருந்தவர்களை 2000-த்துக்குப் பிறகு கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். ரிக்‌ஷா மிதித்தவர்கள், ஆட்டோ ஓட்டியவர்கள், வீட்டு வேலைக்குப் போன பெண்கள், மீன் விற்றவர்கள். வேலைக்கு நடந்தே போய்வந்தவர்களுக்கும் வேலைக்கும் நடுவில் ஒரே நாளில் இருபது கிலோமீட்டர் விழுந்தது. நகரத்தைச் சுமந்தவர்களே நகரத்துக்குள் வரக் காசு தேட வேண்டியதாயிற்று. 2021 மே மாதம் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தபோது அதைச் சலுகை என்று சிலர் குறைவாகப் பேசினார்கள். கண்ணகி நகரில் அதிகாலைப் பேருந்துக்குக் காத்து நிற்கும் பெண்களைப் பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். சென்னையின் போக்குவரத்தில் 1973-க்குப் பிறகு எடுத்த மிக நல்ல முடிவு அதுதான் என்பேன்.

2011-ல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. மெட்ரோ முதல் கட்டம் 54 கிலோமீட்டர் முடிந்து, சுமார் 119 கிலோமீட்டருக்கு இரண்டாம் கட்ட வேலை நடக்கிறது. பேருந்து, புறநகர் ரயில், மெட்ரோ எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவர ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் அமைக்கும் சட்டம் 2010-ல் வந்தது. அதன் முதல் கூட்டம் நடந்ததோ 2022-ல். இப்போது ஒரே க்யூஆர் டிக்கெட் வரை வந்திருக்கிறோம். வரவேற்கிறேன். அந்தத் திட்டங்களில் ஆட்டோ ஓட்டுநர் எங்கே இருக்கிறார் என்றும் கேட்கிறேன். பல மெட்ரோ நிலைய வாசல்களில் அவருக்கென்று முறையான நிறுத்தம் கிடையாது. நின்றால் அபராதம், நிற்காவிட்டால் பயணிக்கு வண்டி இல்லை.

அடுத்த மாற்றம் வாசலில்

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. மோட்டார் வண்டிகளுக்கு அனுமதியில்லாத மாத்தேரான் மலையில் இன்னமும் மனிதர்கள் இழுத்த ரிக்‌ஷாக்களை ஆறு மாதத்துக்குள் நிறுத்த மகாராஷ்டிர அரசுக்கு உத்தரவிட்டது. இழுத்தவர்களுக்கு மின்சார ரிக்‌ஷா கிடைக்க வழி செய்யச் சொன்னது. பணமில்லை என்பதைக் காரணமாகக் காட்டக் கூடாது என்றது. கிருஷ்ணய்யரின் அந்தப் பழைய தீர்ப்பையும் நினைவுகூர்ந்தது. தமிழ்நாடு இதைச் செய்து ஐம்பத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. பெருமைப்படலாம். ஆனால் அந்தப் பெருமையின் மேல் இனியும் உட்கார்ந்திருக்க முடியாது.

ஏனென்றால் நமக்கும் அடுத்த மாற்றம் வந்துவிட்டது. பெட்ரோல், எரிவாயு ஆட்டோக்களின் இடத்தில் மின்சார ஆட்டோ வருகிறது. நல்லதுதான். ஓட்டும் செலவு குறையும், புகை குறையும், ஓட்டுநரின் முதுகை உலுக்கும் அதிர்வும் குறையும். ஆனால் வாங்கும் விலை அதிகம், பேட்டரி மாற்றும் செலவு தனி. கையில் காசில்லாத ஓட்டுநரால் வாங்க முடியாது. வாங்க முடிந்தவர் நூறு வண்டி வாங்கி நாள் வாடகைக்கு விடுவார். அப்படி விட்டுவிட்டால், கை ரிக்‌ஷா முதலாளியின் கணக்குப் புத்தகம் அப்படியே ஒரு நிறுவனத்தின் கணினிக்கு மாறும். ஓட்டுபவர் கையில் சாவி இருக்கும், வண்டி இருக்காது.

தமிழ்நாடு அரசு செய்ய வேண்டியவை புதியவை இல்லை. மின்சார ஆட்டோவுக்கான பெர்மிட்டையும் மானியத்தையும் ஓட்டுபவருக்கே கொடுக்க வேண்டும். ஆர்.சி. புக்கை அடகு கேட்காத, குறைந்த வட்டியிலான கடனைக் கூட்டுறவு வங்கிகள் வழியாகத் தர வேண்டும். கட்டணத்தைப் பத்தாண்டுக்கு ஒரு முறை என்றில்லாமல், எரிபொருள், மின்சார விலையோடு இணைத்து வருடம்தோறும் திருத்த வேண்டும். திருத்திய கட்டணத்தை மீறுபவர் மீது கண்டிப்பான நடவடிக்கையும் எடுக்க வேண்டும், அதில் தயவு தாட்சண்யம் கூடாது. புதிதாகத் திறக்கும் ஒவ்வொரு மெட்ரோ நிலையத்திலும் ஆட்டோ நிறுத்தத்துக்கு வரைபடத்திலேயே இடம் ஒதுக்க வேண்டும். 1973-ல் இந்த அரசிடம் இன்றிருக்கும் பணமும் கிடையாது, கணினியும் கிடையாது. அப்போதே வண்டியை இழுத்தவர் கையில் புது வண்டியைக் கொடுக்க முடிந்தது. இப்போது முடியாது என்று சொல்ல எந்த அமைச்சருக்கும் காரணம் இல்லை.